போனவன் ஒருவன், வந்தவன் ஒருவன்

பதினைந்து வரிதான்.
ஆறு ரிஜிஸ்டர்களை அடுக்கில் தள்ளு.
அடுக்கின் முனையை இவன் பெட்டியில் போடு,
அவன் பெட்டியில் கிடக்கும் முனையை எடு.
ஆறையும் இழு.
திரும்பு.

திரும்பு என்றால் யாரிடம்?
கூப்பிட்டவனிடம் இல்லை.
எப்போதோ இதே வாசலில் நுழைந்து
பாதிக் கூட்டலில் நின்றுபோன வேறொருவனிடம்.
இமைத்துத் திறந்ததாக எண்ணிக்கொண்டு
அவன் விட்ட இடத்திலிருந்து கூட்டுவான்.
கெர்னலுக்கும் தெரியாது.
அதன் கணக்கில் நாங்கள் ஒரே ஆள்.
உள்ளே நானூறு பேர்
ஒரே நாற்காலியில் மாறி மாறி
உட்கார்ந்து எழுவதை
அதன் காதில் யாரும் போடுவதில்லை.

புதிதாய்ப் பிறக்கும் இழைக்கு மட்டும்
ஒரு பொய் வேண்டும்.
வெற்று நினைவகத்தில் ஆறு பூஜ்யம்,
அடுத்து ஒரு முகவரி.
எங்கும் போகாதவன்
திரும்பி வருகிறான், முதல் மூச்சிலேயே.
இந்தக் கள்ளக் கையெழுத்தை நான் போட்டது
தார்த்து நகரத்து மூன்றாம் மாடியில்,
கீழே எமயெகி ஆறு உறைந்து
சைக்கிள் தடம் வாங்கிக்கொண்டிருந்த ஜனவரியில்.
கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் விர்வே அழைத்தாள்,
ரொஹுகுலா துறைமுகத்திலிருந்து. பின்னால் ஒரே காற்று.
"மெய்லிகே, தீவுக்குப் போகும் பனிச்சாலை.
உன் நிரல் இருபத்து மூன்று புள்ளி ஒன்பது சென்டிமீட்டர் என்கிறது.
என் துளைக்கருவி இருபத்து நான்கு என்கிறது.
இருபத்து நான்கு இருந்தால்தான் கதவைத் திறக்கலாம்.
ரொட்டி வண்டி ஹெய்னார் என்னைப் பார்க்கிறான்.
நான் யாரைப் பார்க்க?"

தனியே ஓடவிட்டால் இருபத்து நான்கு.
கூட்டத்தோடு ஓடவிட்டால் புள்ளி ஒன்பது.
மூன்று இரவு.
ஆறு ரிஜிஸ்டர்களையும் அச்சிட்டு, கோடு போட்டு,
விரல் வைத்து வைத்துப் பார்த்தேன்.
ஆறும் யோக்கியமானவை.

குற்றவாளி ஏழாவது ஆள், மிகச் சின்ன ஆள்:
பின்னத்தை எந்தப் பக்கம் வெட்டுவது என்று
சொல்லும் சில பிட்டுகள்.
உர்மோவின் உப்புக் கணக்கு
'கீழ்நோக்கி வெட்டு' என்று திருப்பி வைத்துவிட்டு
வேலை முடியுமுன் இடம் விட்டு எழும்.
அடுத்து உட்காரும் என் பனிக் கணக்கு
ஒவ்வொரு கூட்டலிலும்
நகக்கண் அளவு பனியை இழக்கும்.
லட்சம் கூட்டல்.
ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது அது.
அடிக்குறிப்பு என்று நான்தான் தாண்டியிருந்தேன்.

ஆறு வரி சேர்த்தேன். இருபத்தொன்று.
கதவு திறந்தது, ரொட்டி போனது,
"அருமை" என்று உர்மோ தட்டச்சு செய்தான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.
அவன் கணக்குக்கு
மேல்நோக்கி வெட்டுவது தேவைப்பட்டிருந்தால்?
இருபத்து மூன்றரை
இருபத்து நான்கென்று தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தால்,
கதவு திறந்திருந்தால்,
நிரல் எந்தப் பிழையும் காட்டியிருக்காது.

ஞாயிறன்று விர்வேயின் காரைக் கேட்டு வாங்கி
அந்தச் சாலையில் போனேன்.
பனியின் மேல் பெல்ட் போடக் கூடாது.
முன்வண்டிக்கு இருநூற்றைம்பது மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.
அடியில் எங்கோ நீளமாய் ஒரு விரிசல் முனகியது.
அது சகஜம் என்று சொல்லியிருந்தாள்.
ஜன்னலை இறக்கிவிட்டு
என் எண்ணின் மேல் ஓட்டினேன்.

மாலை சாவியைக் கொடுக்குமுன்
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினேன்.
அவள் என்னைவிட ஒரு சாண் உயரம்.
கண்ணாடியையும் திருப்பி வைத்தேன்.
வேறென்ன தொட்டேன் என்று
வண்டிக்குள் வெகுநேரம்
உட்கார்ந்திருந்தேன்.